மற்ற அனைவருக்கும்

1965ஆம் வருஷத்துப் போரில் கசார்வாடி ஆற்றிய பங்கைப் பற்றிச் சரித்திர ஆசிரியர்கள் யாரும் இதுவரை ஒரு வரி கூட எழுதவில்லை. அது அவர்களுடைய குறை. கசார்வாடியின் குறை அல்ல. புனேயிலிருந்து பம்பாய் போகும் சாலையில், பட்டறைகளுக்கும் ரயில் தண்டவாளத்துக்கும் நடுவே, மேலப்பாளையம் ஷாகுல் ஹமீது ஒரு பழைய இரும்புக் கடை வைத்திருந்தார். ராணுவம் கழித்துப்போட்ட சாமான்களை ஏலத்தில் எடுத்து விற்பது அவர் தொழில். மூடி தொலைந்த தண்ணீர் பாட்டில், அடி நசுங்கிய சாப்பாட்டுத் தட்டு, குண்டுகள் வந்து இறங்கிய வெறும் மரப்பெட்டி என்று ராணுவத்துக்கு வேண்டாத எல்லாம் அவரிடம் வந்து சேர்ந்தன. பதிலுக்குத் தன்னிடம் இருந்த ஒரே மகன் யூசுஃபை அவர் ராணுவத்துக்குக் கொடுத்தார்.

"கொடுக்கல் வாங்கல்னா ரெண்டு பக்கமும் இருக்கணும்லா" என்று எதிர்க்கடை லியாகத் அலியிடம் அவர் சொன்னதுண்டு.

யூசுஃப் லாரி ஓட்டினான். போர் மூளும் என்ற பேச்சு வந்ததுமே அந்த லாரி பஞ்சாபில் எங்கேயோ போய் நின்றது. எங்கே என்று எழுத அனுமதி இல்லை. எங்கே என்று எழுதாமல் ஒரு மனிதன் எவ்வளவு எழுத முடியுமோ அவ்வளவையும் அவன் எழுதினான். கடிதம் வரும் நாளில் கடை வியாபாரம் நின்றுவிடும். ஷாகுல் ஹமீது குண்டுப்பெட்டி மேல் ஏறி உட்காருவார். லியாகத் அலி தன் டீக்கடை ஸ்டூலைத் தானே தூக்கிக்கொண்டு வருவார். யூசுஃபோடு பள்ளியில் படித்து, இப்போது கட்கி தொழிற்சாலையில் வேலை பார்க்கும் விச்சு சைக்கிளைச் சாய்த்துவிட்டு வருவான். கடைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு கம்பளி தொங்கியது. அதுவும் ராணுவம் கழித்ததுதான். அதற்குப் பின்னால் யூசுஃபின் தாய் சுல்தான் பீவி ஒரு பலகையில் உட்காருவாள். அவளுக்கும் பின்னால், அடுப்படி வாசலில், ரஹ்மத்துன்னிசா நிற்பாள்.

ரஹ்மத்துன்னிசா யார் என்பதைக் கடிதங்களை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. கடிதம் வாப்பாவுக்கு எழுதப்பட்டது. உம்மாவுக்குத் தனியாக ஒரு சலாம் இருக்கும். லியாகத் சாச்சாவின் மூட்டுவலி விசாரிக்கப்படும். "விச்சு என் சைக்கிளை ஓட்டலாம், மழையில் மட்டும் வேண்டாம்" என்று வரும். கொல்லையில் கட்டியிருந்த ஆட்டுக்குக் கூட, மோத்தி என்று பெயர் சொல்லி, நலம் விசாரிப்பு உண்டு. கடைசியில், "மற்ற அனைவருக்கும் என் சலாம்" என்று முடியும்.

ரஹ்மத்துன்னிசா அந்த வீட்டில் 'மற்ற அனைவரும்' என்ற பதவியை வகித்து வந்தாள். அந்தப் பதவியில் அவளைத் தவிர வேறு யாரும் இல்லை.

லியாகத் அலி ஒரு தடவை வாய்விட்டே கேட்டார். "ஏன் ஷாகுலு, ஒம் மவன் ஆட்டுக்கு எழுதுதான். கட்டுனவளுக்கு ஒரு வார்த்தை எழுதப்படாதோ?"

"பொம்பளை பேரைக் கடுதாசியில போடுத வழக்கம் எங்க குடும்பத்துல இல்லவே. கடுதாசிங்கது தபால்காரன் கை, சென்ஸார்க்காரன் கை, ஒம்ம கைன்னு நாலு கை படுத சாமான்."

"எங்கை என்னவே பண்ணுச்சு?"

"டீ கொட்டுச்சு. போன கடுதாசியைப் பாரும், கறை தெரியுது."

யூசுஃபும் அப்படி ஒன்றும் கல் மனசுக்காரன் இல்லை. கல்யாணமாகி இரண்டு மாத லீவில் அவளோடு இருந்தவன். வாப்பாவின் கண் வழியாகப் போகிற கடிதத்தில் அவளுக்காக ஏதாவது வைத்து அனுப்பப் பார்த்தான். "மாடி ஜன்னல் கதவு இன்னும் காற்றில் கிறீச்சிடுகிறதா?" என்று ஒரு தடவை கேட்டிருந்தான். அந்தச் சத்தத்தை வைத்து அவர்கள் இருவரும் சிரித்த ஒரு மத்தியானம் உண்டு. அடுப்படி வாசலில் அவள் முகம் சிவந்து முடிவதற்குள் ஷாகுல் ஹமீது எழுந்துவிட்டார். எல்லையில் நிற்கும் ராணுவ வீரனின் மனம் ஒரு ஜன்னலால் கலங்கலாமா? மறுநாளே தச்சன் வந்தான். கீல் மாறியது. ஜன்னல் வாயடைத்துப் போயிற்று.

அடுத்த கடிதத்தில், பச்சைக் கண்ணாடி டம்ளர் ஒன்று இருந்ததே, அது பத்திரமா என்று விசாரித்திருந்தான். அவன் பாதி டீ குடித்துவிட்டு மீதியை அவளுக்கு வைத்துவிட்டுப் போவது அந்த டம்ளரில்தான். ஷாகுல் ஹமீது அதை வாங்கித் துடைத்துக் கடையில் பாட்டில்களுக்கு மேலே, கை எட்டாத தட்டில் வைத்தார். வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். "போராச்சா கிலாஸ்", பையனுடைய டம்ளர், என்று மராத்தியில் விளக்கமும் சொன்னார். இப்படியே போனால் மகனுடைய ஞாபகங்களைத் தேடித் தேடிச் சரிபண்ணிவிடுவார் என்று தெரிந்து யூசுஃப் நிறுத்திக்கொண்டான். அதற்குப் பிறகு சுத்தமான வீரம் மட்டும் எழுதினான். கடைக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

ரஹ்மத்துன்னிசாவுக்கு மராத்தியில் ஒரே ஒரு சொல் தெரியும்: நகோ. வேண்டாம். அதை வைத்துக்கொண்டு உலகத்தில் எதையும் மறுக்கலாம். எதையும் வாங்க முடியாது. கீரைக்காரி வாசலில் கூடையை இறக்கி ஏதோ கேட்பாள். இவள் "நகோ" என்பாள். அவள் இன்னும் ஏதோ கேட்பாள், சிரிப்பாள், போய்விடுவாள். அன்றைய பேச்சு முடிந்தது. போர் வந்ததும் ஜன்னல்களில் கறுப்புக் காகிதம் ஒட்டினார்கள். தகரக் கூரையில் மழை. மாமி சுல்தான் பீவி பகலில் பாதி நேரம் தூங்குவாள். இரண்டு கண்ணிலும் திரை விழுந்திருந்ததால் விழித்திருப்பதில் அவளுக்குப் பெரிய லாபம் இல்லை. ரயில் போகும்போது பாத்திரங்கள் அதிரும். ரஹ்மத்துன்னிசாவுக்குத் தன்னிடம் யாரோ பேசுவது போல இருக்கும்.

அவளுக்குத் தமிழ் எழுத்து படிக்கத் தெரியாது. மேலப்பாளையத்தில் அவள் வீட்டுப் பெண்களுக்கு ஓதிக்கொடுத்த உஸ்தாதம்மா அரபுத்தமிழ் சொல்லித்தந்திருந்தாள்: பேச்சு தமிழ், எழுத்து அரபு. அரபியில் இல்லாத தமிழ் ஓசைகளுக்கு மேலேயும் கீழேயும் அதிகப்படியாகச் சில புள்ளிகள். லீவில் இருந்தபோது யூசுஃபுக்கு அந்தப் புள்ளிகளை அவள் சொல்லிக்கொடுத்தாள். குர்ஆன் ஓதத் தெரிந்தவன்தானே, சீக்கிரம் பிடித்துக்கொண்டான். எழுத்து மட்டும் கோழி கிளறினது போல வந்தது.

"மாமாவுக்கு இது படிக்கத் தெரியாது" என்று அவள் அப்போது சொன்னாள். அதற்கு மேல் சொல்ல வெட்கமாக இருந்தது.

செப்டம்பரில் ஒரு நாள் யூசுஃப் அந்தப் புள்ளிகளை ஞாபகப்படுத்திக்கொண்டு அவளுக்கு ஒரு கடிதம் எழுதினான். பாகிஸ்தானோடு போர் நடந்துகொண்டிருக்கையில், போர்முனையிலிருந்து, யூசுஃப் என்ற பெயர் கொண்டவன், அரபு எழுத்தில். இப்படி ஒரு யோசனை மேலப்பாளையத்தில் பெண் எடுத்த ஒருவனுக்கு மட்டுமே தோன்றும்.

தணிக்கை செய்கிற இடத்தில் கடிதத்தை உருது முன்ஷி ஒருவரிடம் கொடுத்தார்கள். அவர் வலமிருந்து இடமாகப் படித்தார். விளக்கடியில் வைத்துப் படித்தார். எழுத்து நம்முடையதுதான், பாஷை இந்த உலகத்தைச் சேர்ந்தது இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவரைச் சத்தமாக வாசிக்கச் சொல்லிப் பக்கத்தில் ஒரு தமிழனை உட்காரவைத்திருந்தால் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் காரியம் முடிந்திருக்கும். ஆனால் முன்ஷி இருந்தது ஓர் ஊர், தமிழன் இருந்தது வேறோர் ஊர். நடுவில் ஒரு போர்.

சண்டை நின்றுவிட்டதாக ரேடியோ சொல்லியும் யூசுஃபிடமிருந்து கடிதம் வரவில்லை. அக்டோபரில் ஒரு மத்தியானம் கடை வாசலில் ராணுவ ஜீப் வந்து நின்றது. ராணுவம் கழித்த சாமான் பார்த்துப் பழகிய ஷாகுல் ஹமீது, ஓடுகிற ஜீப் தன் வாசலில் நின்றதும் குண்டுப்பெட்டியை விட்டு எழுந்துவிட்டார். இறங்கியவர் கேப்டன் ஜான், பாளையங்கோட்டைக்காரர். நல்ல மனிதர். வந்த விஷயத்தை முதலிலேயே சொன்னார்.

"ஒங்க மகன் நல்லாருக்கான், பாய். பயப்படாதீங்க. ஒரு கடுதாசி சம்பந்தமா வந்திருக்கேன்."

ஷாகுல் ஹமீது அல்லாவைக் கூப்பிட்டுக்கொண்டே குண்டுப்பெட்டியில் உட்கார்ந்தார். ஒரு நிமிஷம் கழித்துத்தான் நெஞ்சு நிமிர்ந்தது. "லியாகத்து! ஆபீஸருக்கு டீ! மலாய் போட்டு!"

டீயோடு லியாகத் அலியும் வந்தார். அன்று ஷிஃப்ட் இல்லாத விச்சுவும் வந்தான். கேப்டன், கடை விலாசம் மட்டும் எழுதிய உறையிலிருந்து காகிதத்தை எடுத்து விரித்து, யாருக்காவது இது படிக்க வருமா என்று கேட்டார்.

ஷாகுல் ஹமீது அதை நேராகவும் சாய்த்தும் பார்த்தார். "இது நம்ம பொம்பளையாளுவ எழுத்துல்லா! எனக்கு வராது. எம் பொஞ்சாதிக்கு வரும். அவளுக்குக் கண்ணு போச்சு. மருமவளுக்கு வரும்." கம்பளியைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ரஹ்மத்து! ஆபீஸர் முன்னால சத்தமா வாசிம்மா. எல்லாரும் கேக்கட்டும்."

காகிதம் கம்பளிக்கு அடியில் நுழைந்து, மாமி கை மாறி, அவளிடம் வந்தது.

முதல் சொல்லே அவள் பெயராக இருந்தது. அந்த வீட்டில் கடிதத்தில் வராத பெயர். கோழி கிளறின எழுத்தில், புள்ளிகள் இடம் மாறி.

*ரஹ்மத்து, இது உனக்கு மட்டும். வாப்பாவுக்கு எழுதுறதெல்லாம் கடையில வாசிக்கறதுக்காக எழுதுறது. எனக்குப் பயமா இருக்கு ரஹ்மத்து. லாரி நிறைய குண்டு. நேத்து எனக்கு முன்னால போன லாரி இப்போ இல்லை. அதுல இருந்தவன் எங்கிட்ட பீடி கடன் வாங்கியிருந்தான். ஸ்டியரிங் பிடிக்கையில கை நடுங்குது. யாருக்கும் தெரியாம உன் பேரைச் சொல்லிக்கிட்டே ஓட்டுறேன் ரஹ்மத்து. யார்கிட்டயும் சொல்லாதே.*

"என்னம்மா, வாசி" என்றார் ஷாகுல் ஹமீது.

"எழுத்து கோணலா இருக்கு மாமா. கண்ணோட்டிக்கிடுதேன்."

"அவசரமில்லம்மா" என்றார் கேப்டன்.

கம்பளிக்கு அந்தப் பக்கம் ஓர் அதிகாரி, ஒரு தகப்பன், ஒரு டீக்கடைக்காரர், ஒரு சிநேகிதன். பயந்தவனை ராணுவத்தில் என்ன செய்வார்கள் என்று அவளுக்குத் தெரியாது. கசார்வாடியில் என்ன செய்வார்கள் என்று தெரியும். அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். ஆறு மாதமாக அடுப்படி வாசலில் நின்று கேட்ட நடை நாக்கில் தானாக வந்தது.

"அன்புள்ள வாப்பா அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு நான் நலம். அங்கு..."

"ஒரு நிமிஷம்" என்றார் கேப்டன். "வாப்பாவுக்கு இந்த எழுத்து படிக்க வராதுன்னு அவரே சொன்னாரே. அவருக்கு ஏன் இதுல எழுதுனாரு?"

ஒரு லாரி சாலையில் போயிற்று.

"தப்பா வாசிச்சுட்டேன்" என்றாள். "புள்ளி மாறிக் கெடந்துச்சு. வாப்பா இல்ல. உம்மா. அன்புள்ள உம்மா அவர்களுக்கு. உம்மாவுக்குத்தான் இந்த எழுத்து தெரியும்."

அவளுக்கு முன்னால் பலகையில் உட்கார்ந்திருந்த சுல்தான் பீவி மெல்லத் திரும்பினாள். "எனக்கா?"

அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. உம்மா, உங்கள் கைச் சோறு நினைவாகவே இருக்கிறேன். உம்மா, எதிரியின் குண்டுகள் மழை போல வந்தாலும் உங்கள் துஆ எனக்குக் குடை. உம்மா, எனக்கு எந்தப் பயமும் இல்லை. வாப்பாவின் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். லியாகத் சாச்சாவின் மூட்டுவலி எப்படி? விச்சுவுக்கு அன்பு. மோத்திக்குப் புல். கடைசியில் வழக்கம் பிசகாமல் முடித்தாள்: "மற்ற அனைவருக்கும் என் சலாம்."

லியாகத் அலி தோளில் கிடந்த துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "குடைன்னு சொன்னான் பாத்தீரா!"

நடைமுறை என்று ஒன்று உண்டல்லவா. இன்னொருவரும் பார்த்துச் சரி என்று சொன்னால் எழுதிக்கொண்டு போகலாம் என்றார் கேப்டன். காகிதம் சுல்தான் பீவியிடம் போயிற்று. அவள் அதை மூக்கில் இடிக்கிற மாதிரி பிடித்தாள். வெகு நேரம் பிடித்தாள். காகிதம் தலைகீழாக இருந்தது.

"எழுதியிருக்கான், எம் புள்ள" என்றாள். "எனக்குத்தான் எழுதியிருக்கான்."

கேப்டன் குறித்துக்கொண்டார். இனிமேல் தமிழிலோ இங்கிலீஷிலோ எழுதச் சொல்லி மகனுக்குச் சொல்லுங்கள், எல்லோருக்கும் சிரமம் மிச்சம் என்று தன்மையாகச் சொல்லிவிட்டு, கடிதத்தை உரியவரிடமே விட்டுவிட்டுப் போனார். உரியவர் என்பது சுல்தான் பீவி. கடிதம் அவளுடைய தகரப்பெட்டிக்குள் போனது. சாவி அவள் இடுப்பில் இருந்தது.

கல்யாணமாகி வந்த காலம் முதல் புருஷன் பேருக்கும் மகன் பேருக்கும் வந்த கடிதங்களைக் காதால் கேட்டே வயதானவள் சுல்தான் பீவி. அவள் பேருக்கு வந்த முதல் கடிதம் அது. வெள்ளிக்கிழமைதோறும் ஜும்ஆத் தொழுகை முடிந்து ஆண்கள் சாப்பிட்டு ஓய்ந்ததும் பெட்டியைத் திறப்பாள். அக்கம்பக்கத்துப் பெண்களையும் கூப்பிடுவாள். தமிழ் தெரியாத பெண்களும் வந்தார்கள்.

"ரஹ்மத்து, எங் கடுதாசியை வாசி."

ரஹ்மத்துன்னிசா வாசித்தாள். வாய் உம்மா என்றது. கண் ரஹ்மத்து என்பதைப் பார்த்தது. எனக்கு எந்தப் பயமும் இல்லை என்று சொல்லிக்கொண்டே, கை நடுங்குகிறது என்ற வரியைத் தாண்டிப் போனாள். சொற்களை மாற்ற வழியில்லை. ஒரு தடவை குடையை மறந்துவிட்டாள். மாமி கையைத் தூக்கி நிறுத்தினாள். "குடை எங்கே? குடையை விட்டுட்டியே." அந்தக் காகிதம் ரஹ்மத்துன்னிசாவின் கையில் இருக்கிற நேரம் அது ஒன்றுதான். ஆகையால் நிறுத்தி நிதானமாக வாசித்தாள். மருமகளுக்கு மாமியார் மேல் எவ்வளவு பிரியம் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

நோன்புப் பெருநாள் கழிந்து யூசுஃப் லீவில் வந்தான். இளைத்திருந்தான். கடையில் மாலை போட்டார்கள். லியாகத் அலி டீக்குக் காசு வாங்கவில்லை; அந்தச் செய்தி பிம்ப்ரி வரைக்கும் போயிற்று. டாங்கிகள், விமானங்கள், சீறி வந்த குண்டுகள் என்று யூசுஃப் பேசினான். அவனைச் சுற்றி எப்போதும் ஒரு கூட்டம். அவனுக்குச் சாப்பாடு வைக்கும்போது கூட அவள் நாலு பேருக்கும் சேர்த்துத்தான் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. சுல்தான் பீவி அன்று ஷாகுல் ஹமீதையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பெட்டியைத் திறந்தாள்.

"எல, இன்னைக்கு நீயே வாசி. ஒன் வாயால கேக்கணும்."

யூசுஃபுக்கு விஷயம் தெரியாது. உம்மாவுக்கு நீ எழுதின கடுதாசி, ஆபீஸரே வந்து கேட்ட கடுதாசி என்று வாப்பா பெருமையடித்தபோது, பல கடிதங்களில் ஏதோ ஒன்று என்று இருந்துவிட்டான். மடிப்பை விரித்தான். தன் எழுத்தைப் பார்த்தான். முதல் சொல்லைப் பார்த்தான். முகத்தில் இருந்த டாங்கிகள் எல்லாம் ஒன்றுவிடாமல் இறங்கிப் போய்விட்டன.

"என்னல, வாசி. எல்லாரும் ஒக்காந்துருக்காஹல்லா."

"மாமி, அவுஹ எழுத்து அவுஹளுக்கே வெளங்காது" என்று அடுப்படி வாசலிலிருந்து ரஹ்மத்துன்னிசா சொன்னாள். "கொண்டாங்க, நானே வாசிக்கேன்."

எல்லோரும் சிரித்தார்கள். ஷாகுல் ஹமீது தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். காகிதம் கை மாறியது. அவள் தொடக்கத்திலிருந்து கடைசி வரை ஒரு சொல் தவறாமல் வாசித்தாள், குடை உட்பட. யூசுஃப் தலையைக் குனிந்து, தான் எழுதாத கடிதத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"இப்படித்தானே எழுதுன?"

"ஆமா உம்மா" என்றான்.

மறுநாள் வாப்பா ஏலத்துக்குப் போன மத்தியானத்தில்தான் மாடியில் அவளும் அவனும் தனியாக இருந்தார்கள். ஜன்னல் சத்தமில்லாமல் திறந்து மூடியது. அவன் வெகு நேரம் பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டான்.

"நீ வாசிச்ச கடுதாசி நல்லாருந்துச்சு" என்றான். "நான் எழுதுனதை விட."

"எனக்கு வந்ததுதான் நல்லாருந்துச்சு."

அவன் அடுத்த பூட்ஸை எடுத்தான். "அது அன்னைக்கு ஏதோ. வயித்துக்கோளாறு கூட இருந்துச்சு. இப்ப அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல. அதை மறந்துரு."

"கை நடுங்குதா இப்பவும்?"

"எதுக்கு நடுங்கணும்?" என்று சிரித்தான். கடையில் சிரிக்கிற சிரிப்பு. அதற்குள் கீழேயிருந்து விச்சு கூப்பிட்டான். யாரோ புதிதாக வந்திருக்கிறார்களாம், டாங்கிக் கதை கேட்க வேண்டுமாம். யூசுஃப் படி இறங்கிப் போனான். எதிரியின் குண்டுகள் மழை போல வந்தன என்று கீழே அவன் குரல் கேட்டது. உம்மாவின் துஆதான் குடை மாதிரி நின்றது என்றும் சொன்னான். கேட்டவர்கள் ஆஹா என்றார்கள். அவன் குரலில் ஒரு தடுமாற்றம் இல்லை, அவனே அதை நம்பிவிட்டான்.

அவள் மாடியிலேயே உட்கார்ந்திருந்தாள். பயந்துபோய், தன் பெயரைச் சொல்லிக்கொண்டே லாரி ஓட்டின ஒருவன் இருந்தான். அவனைத் தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். இப்போது ஒருவர் குறைந்துவிட்டார்.

லீவு முடிந்தது. ஸ்டேஷன் வரைக்கும் ஆண்கள் போனார்கள். யூசுஃப் வாசலில் உம்மாவின் கையைப் பிடித்து முத்தமிட்டான், ஆட்டைத் தடவிக்கொடுத்தான், அடுப்படிப் பக்கம் பொதுவாகத் தலையை அசைத்தான். பாத்திரங்கள் அதிர்ந்தபோது ரயில் போய்விட்டது என்று தெரிந்துகொண்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். சுல்தான் பீவி இடுப்பிலிருந்து சாவியை எடுத்துப் பெட்டியைத் திறந்து, மடிப்பு நைந்துபோன காகிதத்தை நீட்டினாள்.

"மெதுவா வாசி" என்றாள். "இன்னைக்கு அவன் இல்லைல்லா."

ரஹ்மத்துன்னிசா காகிதத்தை விரித்து மடியில் வைத்துக்கொண்டாள். முதல் சொல்லில் அவள் கண் கொஞ்சம் தங்கியது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி ஆரம்பித்தாள்.

"அன்புள்ள உம்மா அவர்களுக்கு..."